தகட்டை மூடிய கை

அத்தியாயம் 9

என் பேத்தி அக்மராலைப் புதைத்து இன்றோடு பத்தொன்பது நாள். அவளுக்கு வயது ஐந்து.

உறைந்த மண்ணில் கடப்பாரை இறங்கவில்லை. பழைய டயர்களைப் போட்டு எரித்து, மண் இளகின பிறகுதான் தோண்டினோம். முஸ்லிம் ஊர், அவர்கள் இடுகாட்டில் இடம் தரமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். சிலுவைக்காரன் வீட்டுப் பிள்ளையாம். என் புல்வெளி ஓரத்தில்தான் கிடக்கிறாள். அவளைப் பெற்றவள், என் மருமகள் சைரகுல், அன்றைக்கு மாவட்ட ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தாள். அவளைக் கட்டிய என் மகன் எர்மெக் ரஷ்யாவில் கட்டட வேலையில் இருந்தான். அவன் பாஸ்போர்ட்டை முதலாளி பூட்டி வைத்திருந்ததால் மண் போட வர முடியவில்லை.

இதெல்லாம் போன வாரங்களில் சொன்னதுதான். இதுவரை கேட்டு வந்தவர்கள், ஊரைப் போலவே, அடுப்புத் தகட்டை அவசரப்பட்டு மூடியது மருமகள்தான் என்று நினைத்திருப்பீர்கள். நான் அப்படித்தான் சொல்லி வந்தேன்.

மூடியவன் நான்.

கரி அடுப்புக்குச் சட்டம் ஒன்றுதான். கனலின் மேல் ஆடும் நீலச் சுவாலை அடங்கின பிறகே புகைபோக்கியின் தகட்டை உள்ளே தள்ள வேண்டும். முந்தினால் வெளியே போக வேண்டிய விஷம் வீட்டுக்குள் இறங்கும். அதற்கு நெடியும் இல்லை, நிறமும் இல்லை. பிந்தினால் சூடெல்லாம் வானத்துக்குப் போய், விடியும்போது வாளித் தண்ணீர் கல்லாகியிருக்கும். இந்த ஊரில் அறுபது அடுப்பு நான் கட்டியது. அடுப்பைப் பார்த்துக்கொள்வது எல்லா வீட்டிலும் மருமகள் வேலை. என் வீட்டில் மட்டும் தகட்டை வேறொரு கை தொட விட்டதில்லை. யாரையும் நம்பாதவன் நான்.

ஆனால் இரண்டு குளிர்காலமாக என் கண்ணில் நீலம் இல்லை. சிவப்பு தெரியும், மஞ்சள் தெரியும். ஊர் ஜன்னல் சட்டங்கள் எல்லாம் நீலம் அடித்தவை. எனக்கு அவை சாம்பல். நீலம் தெரியாத அடுப்புக்காரனை எவன் கூப்பிடுவான்? யாரிடமும் சொல்லவில்லை. கடவுளிடமும் சொல்லவில்லை. கை பழகிய வேலைதானே, காலக் கணக்கில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். அன்றைக்குப் போட்டது புதுக் கரி. அது மெதுவாக எரியும் கரி என்று பிறகுதான் தெரிந்தது.

நான் முன்னறையில் கதவுச் சந்தில் படுப்பவன். சந்துக் காற்றில் பிழைத்தேன். ஆம்புலன்ஸில் வந்த டாக்டர் யார் மூடினது என்று கேட்டபோது நான் பனியில் மண்டியிட்டு வாந்தி எடுத்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுக்காரி, மருமகளாத்தான் இருக்கும், வேற யாரு மூடுவா என்றாள். டாக்டர் எழுதிக்கொண்டார். நான் வாயைத் துடைத்துக்கொண்டேன். அவ்வளவுதான் நடந்தது.

இரண்டு நாள் கழித்துக் கண் விழித்த சைரகுல் அதற்கு ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

இன்றைக்கு ஞாயிறு. மாதத்தின் முதல் ஞாயிறு என்றால் எங்கள் சின்னச் சபையில் அப்பம் பிட்குதல், ஒரே ரொட்டியில் எல்லோரும் ஒரு துண்டு எடுத்துச் சாப்பிடும் ஆராதனை. அதற்கான ரொட்டி மாதம் ஒரு வீட்டிலிருந்து போகும். இந்த மாதம் எங்கள் வீட்டு முறை.

விடியும்போதே சமையலறையில் சைரகுல் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். உள்ளறைப் பெரிய அடுப்பை அன்றைக்குப் பிறகு யாரும் பற்ற வைக்கவில்லை. சமையலறை இரும்படுப்பின் சூட்டில்தான் இருவரும் காலம் தள்ளுகிறோம். மூன்றடி தள்ளினால் மூச்சு வெள்ளையாக நிற்கும்.

எட்டு மணிக்கு என் மூத்த மகள் மைராம் வந்து இறங்கினாள். மாவட்டச் சந்தையில் துணிக்கடை போட்டிருக்கிறவள். எங்கள் விசுவாசத்தில் அவளுக்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. பூட்ஸைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டாள். எர்மெக்குக்குப் பாஸ்போர்ட் கிடைத்துவிட்டதாம். இன்றைக்கு ரயில் ஏறுகிறானாம். அவன் சொன்னது ஒன்றுதானாம்: தான் வாசலில் கால் வைக்கும்போது அவள் வீட்டில் இருக்கக் கூடாது. மைராமே சைரகுலின் அண்ணன் மிர்லானுக்குச் சொல்லி அனுப்பிவிட்டாள். மூன்று மணிக்கு அவன் வேனோடு வருவான்.

"பொட்டியைக் கட்டி வைன்னு நேத்தே போன் பண்ணேன்ல," என்றாள் சமையலறைப் பக்கம் திரும்பி. "பிள்ளைக்குச் சூடு பத்தலைன்னு தகட்டைத் தள்ளுன கை, இப்ப ஊருக்கு ரொட்டி சுடுதாக்கும்."

சைரகுல் கையைக் கழுவிக்கொண்டு வந்து தேநீர் ஊற்றினாள். மைராமுக்குப் பாதிக் கிண்ணம், எனக்குப் பாதிக் கிண்ணம். எங்கள் பக்கம் அதுதான் மரியாதை. கிண்ணம் நிறைய ஊற்றினால் எழுந்து போ என்று பொருள். திட்டியவளுக்கும் பாதிதான் ஊற்றினாள்.

நான் குடித்தேன். இன்னொன்று கேட்டேன்.

என்னிடம் ஒரு திட்டம் இருந்தது, அதைச் சொல்லிவிடுகிறேன். அவள் போகட்டும். கறவை மாட்டையும் நாலு ஆட்டையும் பின்னாலேயே ஓட்டி அனுப்பிவிடுவேன். வசந்தம் வந்ததும் அவள் அண்ணன் வீட்டில் நல்ல அடுப்பு ஒன்று என் கையாலேயே கட்டிக் கொடுப்பேன். ஊரில் விதவைகள் வீட்டு அடுப்பையெல்லாம் காசு வாங்காமல் பார்ப்பேன். இப்படி நானே சரிக்கட்டிவிடலாம். செய்ததற்குச் செய்து முடித்துவிட்டால் யார் முன்னாலும் தலை குனிய வேண்டாம். கடவுள் முன்னாலும்தான்.

பத்து மணிக்குச் சபை மூப்பர் குபாத் வந்தார். முப்பது வருடம் லாரி ஓட்டிய மனிதர். உட்காரச் சொன்னால் சட்டென்று உட்காருகிறவர், இன்றைக்கு வாசலிலேயே தொப்பியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டு நின்றார். சபையில் சில பெண்கள் முணுமுணுக்கிறார்களாம். அவருக்கு அதில் சம்மதம் இல்லையாம். இருந்தாலும் சமாதானம் கெடக் கூடாது பாருங்கள் என்றார். சைரகுல் இந்த ஒரு தடவை பின்வரிசையில் உட்காரட்டும், அப்பத்தில் கை வைக்காமல் இருக்கட்டும், ரொட்டி மட்டும் இந்த வீட்டிலிருந்தே வரட்டும் என்றார்.

அவள் அடுக்களை வாசலில் நின்று தலையசைத்தாள்.

"அக்சகால், நீங்க என்ன சொல்றீங்க?" என்று குபாத் என்னைப் பார்த்தார். வெள்ளைத்தாடிக்காரர் என்று மரியாதையாகக் கூப்பிட்டால் என்ன பதில் சொல்வது.

சபை முடிவு சபை முடிவுதான் என்றேன்.

சபை கூடும் வீடு ஊரின் அந்தக் கோடியில். நடந்து போனோம். அவள் வழக்கம்போல் எனக்கு இரண்டடி பின்னால், ரொட்டியைத் துணியில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தாள். ஒரு மாதத்துக்கு முன்னால் அந்தக் கையில் வேறொன்று இருந்திருக்கும். பனிக்குள் நடக்க மாட்டேன் என்று அடம் பிடிக்கும்.

எங்கள் வழக்கத்தில் மருமகள் மாமனார் பேரைச் சொல்லக் கூடாது. பேரில் இருக்கும் சொல்லையும் சொல்லக் கூடாது. என் பேர் தொக்தொசுன். எனக்கு முன்னால் பிறந்ததெல்லாம் செத்துப்போனதால், இவனாவது நிற்கட்டும் என்று வைத்த பேர். அதனால் நில் என்ற சொல் ஒன்பது வருடமாக அவள் வாயில் வந்ததில்லை. மாடு அறுத்துக்கொண்டு ஓடினால்கூட, மாடே போனது போதும், மாடே போனது போதும் என்று கத்திக்கொண்டு பின்னால் ஓடுவாள். தெருவே சிரிக்கும். அக்மரால் பெரிய மனுஷி மாதிரி இடுப்பில் கை வைத்து அதை அப்படியே செய்து காட்டுவாள்.

வாய்க்கால் பாலத்தில் பனிப்பாளம். எனக்குத் தெரியவில்லை. கால் வழுக்கியது. விழும் முன்னால் பின்னாலிருந்து சட்டைக் கையைப் பிடித்து இழுத்துவிட்டாள். உதறினேன்.

"கண்ணு ரொம்ப மோசமாயிடுச்சா, அத்தா?" என்றாள்.

அப்பாவை மட்டுமல்ல, மாமனாரையும் அத்தா என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் குரலில் வம்பு இல்லை.

கண்ணுக்கு என்ன, ஒன்றும் இல்லை என்றேன்.

"அன்னிக்கு நீலம் ஆடிக்கிட்டிருந்துச்சு. நான் கதவுகிட்டதான் இருந்தேன். பாத்தேன்."

ரொட்டியை இன்னும் இறுக்கிக்கொண்டாள். நான் பாலத்தின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன்.

"பாத்துட்டு ஏன்டி சொல்லலை?"

"சொன்னேனே. அத்தா, நான் ஒரு தடவை பாக்கட்டுமான்னு கேட்டேன். போய்ப் படுன்னீங்க."

ஞாபகம் வந்தது. அப்படிக் கேட்டாள். அடுப்பைக் கட்டினவன் நானா நீயா என்று கேட்டுவிட்டுத்தான் போய்ப் படு என்றேன். இரண்டாவதை மட்டும் இப்போது சொன்னாள், முதலாவதை விட்டுவிட்டாள்.

"அடுப்பு கட்டுன கைக்குத் தெரியாததா என் கண்ணுக்குத் தெரிஞ்சிடப் போவுதுன்னு போய்ப் பிள்ளைகிட்ட படுத்துட்டேன்," என்றாள். "எந்திரிச்சுத் தகட்டை இழுத்திருக்கலாம். இழுக்கலை. அதனால ஊர் சொல்றதும் முழுப் பொய் இல்லை."

எனக்குச் சந்தேகம் வந்தது. யாராவது சும்மா எதையாவது கொடுத்தால் எனக்கு முதலில் வருவது சந்தேகம்தான். இத்தனை நாள் ஏன் வாயை மூடிக்கொண்டிருந்தாள்? என்ன வேண்டும் இவளுக்கு? கேட்டே விட்டேன். டாக்டரிடம் சொல்லியிருக்கலாம், எர்மெக்கிடம் சொல்லியிருக்கலாம், ஏன் சொல்லவில்லை?

"உங்க பேரை நான் எப்படிச் சொல்றது," என்றாள்.

கொஞ்ச தூரம் நடந்த பிறகு மீதியையும் சொன்னாள்.

"அவருக்குப் பொண்ணு போயிட்டா. அப்பாவும் போகணுமா? பொண்டாட்டின்னா வேற கிடைப்பா."

உன் தயவில் பிழைக்கிற அளவுக்கு நான் இன்னும் கெட்டுப்போகவில்லை என்று சொன்னேன். எனக்கே அசிங்கமாக இருந்தது, ஆனாலும் அதைத்தான் சொன்னேன். அவள் பழையபடி இரண்டடி பின்னால் வந்தாள்.

சபையில் இருபத்து மூன்று பேர். ஆண்கள் வலது பக்கம், பெண்கள் இடது பக்கம். சைரகுல் ரொட்டியை மேசையில் வைத்துவிட்டுக் கதவோரப் பெஞ்சுக்குப் போனாள். அவள் உட்கார்ந்ததும் அந்தப் பெஞ்சிலிருந்த ஒருத்தி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நகர்ந்தாள்.

குபாத் கிருபையைப் பற்றிப் பேசினார். மனிதருக்குத் தெரிந்தது லாரிதான். ஒரு தடவை கணவாய் இறக்கத்தில் இஞ்சின் செத்துப்போய், பின்னால் வந்த லாரிக்காரன் இரும்புச் சங்கிலி போட்டு ஊர்வரை இழுத்து வந்தானாம். இழுக்கப்படுகிறவன் செய்ய வேண்டியது ஒன்றும் இல்லையாம். வண்டியை நேராகப் பிடித்துக்கொண்டு சும்மா வர வேண்டும். தன் கெட்டிக்காரத்தனத்தைக் காட்டி நடுவில் பிரேக்கைப் போட்டால் சங்கிலி அறுந்துவிடும். தினமும் நாம் செய்கிற வேலை அதுதான் என்றார்.

இதே கதையை நான் நாலைந்து தடவை கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும், சங்கிலி போட்டவன் கடைசியில் எவ்வளவு வாங்கினான் என்று மட்டும் சொல்ல மாட்டேன் என்கிறாரே என்று நினைத்துக்கொள்வேன். ஞானஸ்நானம் எடுத்துப் பதினொரு வருடம் ஆகிறது. சும்மா வருவதை நான் நம்பியதே இல்லை. அப்பத் தட்டு வரும்போதெல்லாம் மனதுக்குள் ஒரு கேள்வி கேட்டுக்கொள்வேன்: இந்த மாதம் என்ன செய்தோம்? விதவை உல்ஜானின் புகைபோக்கியைச் சும்மா சுத்தம் செய்தோம். குடிக்கவில்லை. எவனையும் ஏமாற்றவில்லை. சரி, எடுக்கலாம். கூலி வாங்குவதுபோல் எடுத்து வாயில் போட்டுக்கொள்வேன்.

தட்டு வரிசையாக வந்தது. பக்கத்தில் இருந்தவன் எடுத்துவிட்டு என் பக்கம் நீட்டினான்.

இந்த மாதம் என்ன செய்தோம்?

மாட்டை நினைத்தேன், நாலு ஆட்டை நினைத்தேன். கட்டப்போகிற அடுப்பை நினைத்தேன். ஒன்றும் நிற்கவில்லை. புல்வெளி ஓரத்து மண்மேடு சின்னதுதான், இரண்டே எட்டில் தாண்டிவிடலாம். எதைக் கொண்டுபோய் அதன் பக்கத்தில் வைப்பது? அதுவும் போதாதென்று, அந்த மேட்டின் பழியையும் ஒருத்தி எனக்குப் பதிலாகச் சுமந்துகொண்டு கதவோரம் உட்கார்ந்திருக்கிறாள். நான் கேட்காமல். நான் கேட்டிருக்கவும் மாட்டேன்.

தட்டை வாங்கவில்லை. எழுந்து நின்றேன்.

"தகட்டை மூடுனது நான்," என்றேன். "அவ இல்லை. எனக்கு ரெண்டு வருஷமா நீலம் தெரியாது. தெரியாதுன்னு தெரிஞ்சேதான் மூடுனேன்."

எதற்கெடுத்தாலும் ஸ்தோத்திரம் சொல்லுகிறவர்கள்கூட வாயைத் திறக்கவில்லை. முதலில் பேசியது உல்ஜான்தான்.

"போன மாசம் எங்க வீட்டு அடுப்பைப் பாத்து எல்லாம் சரியா இருக்குன்னியே, தொக்தொசுன். அது?"

"வேற யாரையாவது விட்டுப் பாத்துக்க," என்றேன்.

உல்ஜான் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு எழுந்து வெளியே போனாள். அவளைப் பார்த்து இன்னும் இரண்டு பெண்கள் எழுந்து போனார்கள். வீட்டில் பிள்ளைகளை விட்டுவிட்டு வந்தவர்கள். போகிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஊரில் அறுபது அடுப்பு.

குபாத் மேசைக்கு முன்னால் வெறுங்கையோடு நின்றார். நான் தொப்பியை எடுத்துக்கொண்டு கதவுப் பக்கம் திரும்பினேன்.

கதவோரப் பெஞ்சிலிருந்து சைரகுல் எழுந்தாள். என் பக்கத்தில் இருந்தவன் கையிலிருந்து தட்டை வாங்கினாள். வீட்டில் எனக்குச் சோறு வைக்கும்போது எப்படிப் பிடிப்பாளோ அப்படியே இரண்டு கையாலும் பிடித்து, முகத்தைப் பார்க்காமல், என் முன்னால் நீட்டினாள்.

"எடுங்க, அத்தா."

"எதைச் செஞ்சேன்னு எடுக்கச் சொல்றே?"

"ஒண்ணும் செய்யலை," என்றாள். "நானும் ஒண்ணும் செய்யலை. எடுங்க."

எடுத்தேன். அவளும் ஒரு துண்டு எடுத்தாள். யாரும் தடுக்கவில்லை. ரொட்டியில் உப்பு கூடுதல். அழுதுகொண்டே பிசைந்திருப்பாள் என்று எனக்குப் பின்வரிசையில் ஒருவன் சொன்னான். பொய். அவள் அழவில்லை, நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அளவு தப்பிவிட்டது, அவ்வளவுதான்.

அறிக்கை செய்ததும் மனம் லேசாகிவிட்டது என்று சாட்சி சொல்கிறவர்களைக் கேட்டிருக்கிறேன். எனக்கு ஒன்றும் லேசாகவில்லை. பிள்ளை புல்வெளியில்தான் இருந்தாள்.

வீட்டுக்கு வருவதற்குள் சேதி வந்துவிட்டிருந்தது. மைராம் வாசலில் நின்றாள். கட்டிய பெட்டி அவள் காலடியில் இருந்தது. வேன் இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

மைராம் என்னை நேராகப் பார்த்து, நெசமா என்று மட்டும் கேட்டாள். தலையசைத்தேன். அவள் சைரகுலைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள், பிறகு படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். பத்தொன்பது நாளாகத் திட்டிய வாய். நான் அவளை ஒரு தடவைகூடத் தடுக்கவில்லை. அதையும் சேர்த்துத்தான் அப்போது என் முகத்தில் பார்த்தாள்.

மிர்லான் வேனிலிருந்து இறங்கி வந்தான். கிடா வியாபாரி, ஆள் மலை மாதிரி. நரைத்த தாடியைப் பார்க்கிறேன், இல்லாவிட்டால் இந்த இடத்திலேயே உங்களைப் புதைத்திருப்பேன் என்றான். சரிதான் என்றேன். இனிமேல் என் தங்கச்சி இந்தக் கூரைக்குக் கீழே ஒரு ராத்திரிகூடத் தங்க மாட்டாள் என்று சொல்லிவிட்டு, பெட்டியைத் தூக்கக் குனிந்தான்.

சைரகுல் அண்ணனை உள்ளே வந்து தேநீர் குடிக்கச் சொன்னாள்.

அவன் முனகிக்கொண்டே வந்து மேசையில் உட்கார்ந்தான். அவள் கிண்ணத்தை எடுத்தாள். பாதிக்கு வந்ததும் நிறுத்தவில்லை. முக்காலுக்கு வந்தது. விளிம்புவரை வந்தது. ஒரு சொட்டு வழிந்து மேசைத் துணியில் பரவியது. அப்படியே அவன் முன்னால் வைத்தாள்.

மிர்லான் கிண்ணத்தைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தான்.

"இந்தக் கிழவனுக்குச் சோறு பொங்கவா இருக்கப் போறே?"

"எர்மெக் வர்ற வரைக்கும் இருப்பேன்," என்றாள். "போகச் சொல்றதா இருந்தா அவர் என் மூஞ்சியைப் பாத்துச் சொல்லட்டும். அப்புறம் வந்து கூட்டிட்டுப் போ."

அவன் கிண்ணத்தைத் தொடவில்லை. வேன் கிளம்பும் சத்தம் கேட்டது. பெட்டி வாசலிலேயே கிடந்தது. அவள் அதை உள்ளே எடுத்து வைக்கவும் இல்லை.

எர்மெக்கிடம் நானே சொல்கிறேன் என்றேன். எனக்கு எண் அழுத்தத் தெரியாது. மைராம் அழுத்திக் கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மூன்றாவது தடவை மணி அடித்ததும் எடுத்தான். பின்னால் ரயில் நிலைய இரைச்சல்.

"அத்தா? அவ போயிட்டாளா?"

"போகலை. மூடுனது நான்டா."

"எதை?"

"தகட்டை. கண்ணு தெரியாம மூடிட்டேன். அவ மேல பழி விழுந்துச்சு, விழட்டும்னு விட்டுட்டேன்."

ஒலிபெருக்கியில் ஒரு பெண் ரயில் எண்களை ரஷ்ய மொழியில் படித்துக்கொண்டிருந்தாள். அவள் முழுப் பட்டியலையும் படித்து முடித்தாள். நான் போனைக் காதிலேயே வைத்திருந்தேன்.

"ரயில் ஏறுறேன்," என்றான். குரல் என் மகன் குரல் மாதிரியே இல்லை. துண்டித்துவிட்டான்.

மூன்று பகல் மூன்று இரவுப் பயணம். புதன்கிழமை வாசலில் நிற்பான். எதற்கு வருகிறேன் என்று சொல்லவில்லை. அவளைப் பார்க்கவா, என்னைப் பார்க்கவா, இல்லை புல்வெளிக்குப் போய்விட்டு அப்படியே திரும்பவா, தெரியவில்லை. பழைய தொக்தொசுனாக இருந்தால் அதற்கும் இந்நேரம் ஒரு திட்டம் போட்டிருப்பேன். பிடித்துக்கொள்ள இப்போது கையில் ஒன்றும் இல்லை. கர்த்தரே, நீரே பார்த்துக்கொள்ளும் என்றேன். பதினொரு வருடத்தில் அதை நான் நிஜமாகச் சொன்னது அப்போதுதான். சொல்லிவிட்டுப் பயந்துகொண்டேதான் இருந்தேன்.

மைராம் போகும்போது சைரகுலுக்காகத் தன் கம்பளிச் சால்வையைக் கழற்றிச் சமையலறை ஆணியில் மாட்டிவிட்டு வெறும் கோட்டோடு போய்விட்டாள்.

வெயில் மலைக்குப் பின்னால் இறங்கியதும் குளிர் தரை வழியாக ஏறியது. சைரகுல் ஒரு கூடைக் கரியைத் தூக்கிக்கொண்டு உள்ளறைக் கதவைத் திறந்தாள். பத்தொன்பது நாளுக்குப் பிறகு. நானும் போனேன். அக்மராலின் சின்னப் பூட்ஸ் இரண்டும் அடுப்புக்குப் பின்னால், காய வைத்தது வைத்தபடி இருந்தன. இருவரும் அதைத் தொடவில்லை.

அவள் சுள்ளி அடுக்கினாள். முதல் தீக்குச்சி அணைந்தது. இரண்டாவது பற்றியது. நான் தகட்டை முழுக்க வெளியே இழுத்துவிட்டு, அடுப்பு வாய்க்கு எதிரே மரக்கட்டையில் உட்கார்ந்தேன். சுள்ளி எரிந்தது, கரி பிடித்தது, அறை மெல்லச் சூடாயிற்று. மாடுகளைக் கட்டிவிட்டு அவள் திரும்பி வந்தபோது கனல் சிவந்து கிடந்தது. எனக்குச் சிவப்பு மட்டும்தான் தெரிந்தது.

அடுப்பு கட்ட ஆரம்பித்த நாளிலிருந்து யாரிடமும் கேட்காததைக் கேட்டேன்.

"கெலின், நீலம் இருக்கா பாரு."

மருமகளை அப்படித்தான் கூப்பிடுவோம். அவள் என் பக்கத்தில் தரையில் மண்டியிட்டுக் குனிந்து பார்த்தாள்.

"இருக்கு, அத்தா."

காத்திருந்தோம். வெளியே நாய் குரைத்து ஓய்ந்தது.

"இப்ப?"

"இன்னும் இருக்கு."

சூடு புகைபோக்கி வழியாகப் போய்க்கொண்டிருந்தது. போகட்டும் என்று இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டேன்.